சனிக்கிழமை விரதமும் பன்னிரண்டு பாட்டில் மாம்பழச் சாறும்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். மதுவிலக்கு கடுமையாக இருந்த காலத்தில், அதுவும் திருப்பதியில், அதுவும் ஒரு சனிக்கிழமை, பெருமாளுக்காக விரதம் இருந்த மூன்று பெரிய மனிதர்களுக்கு நான் என் கையாலேயே சாராயம் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். (சாராயம் என்றால் கொஞ்சம் அதிகப்படி. ஆனால் பழரசம் என்று சொன்னால் பொய்.) மூவரும் இப்போது உயிரோடு இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற தகராறு மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்த சமயம். எனக்கு இருபத்துமூன்று வயது. சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அது அன்றைக்கு மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. நான் சித்தூரில் ஒரு மாங்காய் மண்டியில் குமாஸ்தா. அது ஆந்திராவில் இருந்தது. ஒரு சைக்கிள் கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட அறையில் குடியிருந்தேன். சித்தூரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. மண்டியில் எல்லோரும் கூடையைப் பற்றிப் பேசுவார்கள். மெஸ்ஸில் எதிரே உட்காருகிறவர் தன் இலையைப் பார்த்துச் சாப்பிடுவார், நான் என் இலையைப் பார்த்துச் சாப்பிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் முதலாளியிடம் “வரேங்க” என்று சொன்னால், அடுத்த வார்த்தை என் வாயிலிருந்து திங்கட்கிழமை காலையில்தான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கீழே இறங்கிப் போய்ச் சைக்கிள் கடைக்காரரிடம், “காத்து அடிக்கணும்” என்றேன்.

“சைக்கிள் எங்க?” என்றார்.

என்னிடம் சைக்கிள் கிடையாது. “அப்புறமா கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில் இருந்தவனுக்குத்தான் கம்பெனி ஆரம்பிக்கும் யோசனை வந்தது. மண்டியில் தினமும் கனிந்துபோன மாம்பழங்களைக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். திருப்பதியில் தினமும் ஆயிரக்கணக்கான பக்தர்கள் தாகத்தோடு மலையேறுவார்கள். இந்தப் பழத்தைப் பிழிந்து பாட்டிலில் அடைத்து அந்தத் தொண்டையில் ஊற்றினால் என்ன? நூல் நிலையத்தில் பழரசம் பாட்டிலில் அடைப்பது பற்றி ஒரு புத்தகம் இருந்தது. நடுவில் இரண்டு தாள் கிழிந்திருந்தது. இரண்டு தாளில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று மீதியை மனப்பாடம் செய்தேன். (சாறு புளிக்காமல் இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்த இரண்டு தாளில்தான் இருந்திருக்க வேண்டும்.)

உண்மையைச் சொன்னால் சாறு மேல் எனக்குப் பெரிய ஆசை இல்லை. கம்பெனி என்றால் மேனேஜர் இருப்பார், டைப்பிஸ்ட் இருப்பார், டைரக்டர்கள் மாதம் ஒருமுறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள், நடுவில் காபி வரும். அந்த மேஜையில் ஒரு நாற்காலிதான் எனக்கு வேண்டியிருந்தது.

என் நைனாவிடம் போய்ச் சொன்னேன். எங்கள் மாந்தோப்பில் ஃபாக்டரி கட்ட இடம் கேட்டேன். அவர் வரப்பில் நின்றுகொண்டு முழுவதையும் கேட்டார்.

“மூணு பெரிய மனுசங்க கையெழுத்து போட்டு பங்கு எடுத்துக்கட்டும். தோப்ப நான் எழுதித் தரேன். இல்லாங்காட்டி ஆடி பொறக்கறதுக்குள்ள வந்து ஏர புடிக்கணும். அங்க ஒண்டியா குந்திக்கினு மெஸ்ஸுல துன்னுக்கினு இருந்தது போதும்.”

மண்டிக்கு மாங்காய் அனுப்புகிறவர்களில் திருப்பதி கோவிந்த ரெட்டி ஒருவர். ரைஸ் மில் முதலாளி. அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆச்சரியமாகப் பதில் வந்தது. “வரும் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வரவும். எனக்கு வேண்டிய இரண்டு பேரையும் வரச்சொல்கிறேன். மாதிரி கொண்டுவரவும்.” அந்தக் கார்டை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். சித்தூரில் என் பெயருக்கு வந்த முதல் தபால் அதுதான்.

பன்னிரண்டு பழைய பாட்டில்களை வாங்கிக் கொதிநீரில் கழுவி, சாறு பிழிந்து சர்க்கரை சேர்த்து ஊற்றி, கார்க் அடித்து, மெழுகு உருக்கிவிட்டு, கயிற்றால் இறுகக் கட்டினேன். பிழிந்த அன்றைக்கு ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தேன். அமிர்தம். அப்புறம் எட்டு நாள் அந்தப் பாட்டில்கள் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், என் கட்டிலுக்குக் கீழே இருந்தன. நடுவில் ஒன்றைத் திறந்து பார்த்திருக்கலாம். பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்திருந்தால், “ஒண்ணு தொறடா, ருசி பாக்கலாம்” என்று அடம்பிடித்தாவது திறக்க வைத்திருப்பான். எனக்கு அப்படி அடம்பிடிக்க ஆள் இல்லை. முத்திரை போட்டதைக் கெடுக்கக் கூடாது என்று ஒழுக்கமாக இருந்துவிட்டேன்.

அந்த எட்டு நாளும் என்ன செய்தேன் என்றால், பேசப் பழகினேன். தண்ணீர் வாளி, டிரங்குப் பெட்டி, ஸ்டூல் மூன்றையும் எதிரே வரிசையாக வைத்து, “மதிப்புக்குரிய பெரியோர்களே” என்று ஆரம்பித்து, பக்கத்துச் சுவர் கேட்காதபடி முக்கால் மணி நேரம் பேசுவேன். மூன்றும் மிகவும் கவனமாகக் கேட்டன. வாளிக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது போல எனக்குத் தோன்றும். ஆனால் ஒன்றுகூடக் கேள்வி கேட்கவில்லை. அதனால் கேள்வி கேட்பார்கள் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது.

முதலாளியிடம் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு, வைக்கோல் பரப்பிய மாங்கூடையில் பன்னிரண்டு பாட்டிலையும் படுக்க வைத்து, காலை ரயில் ஏறினேன். பாகாலா ஜங்ஷனில் வண்டி வெகுநேரம் நின்றது. சீட்டுக்கு அடியில் ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். இன்ஜின் ஆவி விடுகிறது என்று நினைத்தேன். (இன்ஜின் அப்போது தண்ணீர் பிடிக்க வெகுதூரம் போயிருந்தது.) எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைச் சுளித்துவிட்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டாள். எனக்கு அது பழகின விஷயம், தப்பாக நினைக்கவில்லை.

திருப்பதியில் ரெட்டி வீடு பெரியது. முன்கூடத்தில் மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்த ரெட்டி பருத்த சரீரம், உரத்த குரல். அவருக்கு வலது பக்கம் ஜவுளிக்கடை ஏகாம்பரம். புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார் என்று ரெட்டியே அவரை எனக்கு அறிமுகப்படுத்தினார். இடது பக்கம் இருந்தவரைச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சேஷாசலம், ரிட்டயர்டு ஆப்காரி இன்ஸ்பெக்டர். ஆயுள் பூராவும் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பிடித்து உள்ளே தள்ளியவர். மூக்குப்பொடி டப்பாவைக் கையிலிருந்து இறக்கவே இல்லை.

“மேம் மூணு பேரும் இன்னிக்கி உபவாசம்பா,” என்றார் ரெட்டி, தெலுங்கும் தமிழும் கலந்து. “சனிக்கிழம. காலையிலேருந்து பச்சத் தண்ணிகூட இல்ல. சீக்கிரம் செப்பு.”

நான் நின்றுகொண்டு, “மதிப்புக்குரிய பெரியோர்களே” என்றேன். அடுத்த வரி வரவில்லை. வாளிக்கு முன்னால் தண்ணீராக ஓடிய பேச்சு, மனித முகத்தைப் பார்த்ததும் உறைந்துவிட்டது. மூன்று பேர் ஒரே சமயத்தில் என் முகத்தையே பார்ப்பது எவ்வளவு நாளைக்கு அப்புறம் நடக்கிறது என்று மனம் எங்கேயோ போய்விட்டது. ரெட்டி பாவம் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“ஃபாக்டரி எந்த ராஜ்யத்துல கட்டற?”

“சத்தியவேடு பக்கம்ங்க. இப்போதைக்கி மெட்ராஸுல கீது. போற போக்கப் பாத்தா ஆந்திராவுக்கு வந்துடும்.”

“அப்ப வந்தப்பறம் வாயேன்” என்றார் ரெட்டி.

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். இன்ஸ்பெக்டர், “லைசென்ஸ் எந்த கவர்மெண்டுகிட்ட வாங்குவே?” என்றார். “ரெண்டு பேருகிட்டயும்” என்றேன். “ரெண்டு பேரும் குடுக்கலேன்னா?” என்றார். ஐந்து நிமிஷத்தில் என் கம்பெனி முடிந்துவிட்டது. ரெட்டி எழுந்திருக்கக் கையை நாற்காலியில் ஊன்றிவிட்டார்.

கடைசி முயற்சியாக, “சாறாவது ஒரு வாய் பாருங்க” என்றேன்.

“விரதமாச்சே” என்றார் ஏகாம்பரம். (முதல் வார்த்தை.)

“பழரசம்தானே. பழரசம் ஆகும்” என்று இன்ஸ்பெக்டர் தீர்ப்புச் சொன்னார்.

கயிற்றை அறுத்தேன். கார்க் என் கையில் வராமல் தானாகவே கிளம்பி, கூடத்து உத்தரத்தில் மோதி, ரெட்டியின் மடியில் வந்து விழுந்தது. நுரை பொங்கி வழிந்தது. “கேஸுங்க” என்றேன். “சோடா மாதிரி. புது முறை.” எப்படி அந்தப் பொய் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் டம்ளரை மூவரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். காலையிலிருந்து வெறும் வயிறு, வெளியே கொளுத்துகிற வெயில். “பாகுந்தி” என்றார் ரெட்டி, நன்றாக இருக்கிறதாம். டம்ளரை நீட்டினார். இரண்டாவது போயிற்று. இன்ஸ்பெக்டர் நாக்கைச் சப்புக் கொட்டி, “லேசா ஒரு காரம் இருக்கு. என்ன போட்டே?” என்றார்.

“சுக்குங்க.”

“அதான் பாத்தேன்” என்று மூக்குப்பொடி ஒரு சிட்டிகை இழுத்துக்கொண்டு மூன்றாவதற்கு நீட்டினார்.

ரெட்டி வற்புறுத்தியதால் நானும் ஒரு டம்ளர் வாயில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சின்ன வயதில், கள்ளுக்கடைகள் இருந்த காலத்தில், நைனா சந்தையிலிருந்து என்னைத் தோளில் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே வருவார். அந்தப் பாட்டோடு கூட வந்த வாசனை இந்த டம்ளரில் இருந்தது.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். “ஐயா, கெட்டுப்போச்சி, குடிக்காதீங்க” என்று நாலு வார்த்தை. வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் ஏகாம்பரம் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். தம்பியோடு பாகப்பிரிவினை ஆகி ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லையாம். ஒரே தெருவில் எதிரெதிர்க் கடையாம். தினமும் காலையில் ஷட்டர் தூக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களாம். “அவன் இளைச்சிக்கினே போறாம்பா. என்னா உடம்புன்னு கேக்கக்கூட முடியல” என்று சொல்லி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமாளே கதி என்று “கோவிந்தா! கோவிந்தா!” என்று கூவினார்.

“ஏமய்யா, இங்கதான கீறேன்” என்றார் கோவிந்த ரெட்டி.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதிரிச் சிரிப்பை நான் கேட்டதில்லை. நாற்காலி குலுங்கியது. அவர் சிரிப்பதைப் பார்த்து ஏகாம்பரம் அழுதுகொண்டே சிரித்தார், மறுபடி “கோவிந்தா!” என்றார், மறுபடி ரெட்டி “என்னய்யா?” என்றார். நானும் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. ரெட்டி என்னை இழுத்துத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். தோளில் கை போட்டார். இன்ஸ்பெக்டர் என்னை, “டேய், மானேஜிங் டைரக்டரு” என்று கூப்பிட்டார். நான் இத்தனை நாளாக நினைத்து ஏங்கிய மேஜை இதுதான். இதை எப்படிக் கலைக்க மனசு வரும்? அடுத்த பாட்டிலைத் திறந்தேன்.

நாலாவது பாட்டிலில், நான் எழுதிக் கொண்டுவந்திருந்த பங்குப் பத்திரங்கள் வெளியே வந்தன. ரெட்டி கையெழுத்துப் போட்டார், ஆனால் கையெழுத்து தாளை விட்டு மேஜைமேல் கொஞ்ச தூரம் போனது. ஏகாம்பரம் தன் பெயருக்குப் பதில் தம்பி பெயரை எழுதிவிட்டு, அதைப் பார்த்து மறுபடி அழுதார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, “என் சர்வீஸ்ல எத்தனையோ பாட்டில உடைச்சிருக்கேன். இந்த ஒரு பாட்டிலுக்குத்தான் சல்யூட் அடிக்கிறேன்” என்று சல்யூட் அடித்தார். அடித்த வேகத்தில் பின்னால் சாய்ந்து, நாற்காலி இருக்கும் என்று நம்பி, தரையில் உட்கார்ந்தார்.

அந்தச் சத்தத்துக்குத்தான் ரெட்டியின் அக்கா ராஜம்மா உள்ளேயிருந்து வந்தார்கள். விதவை. மில், நிலம் எல்லாம் அவர்கள் சொல்படிதான் நடக்கும் என்பது அவர்கள் நடந்து வந்த நடையிலேயே தெரிந்தது. தம்பியைப் பார்த்தார்கள். தரையில் இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். ஒரு டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார்கள்.

“ஏமிரா இதி?”

“மாம்பழ ரசம் அக்கா” என்றார் ரெட்டி. குரல் ஒரேயடியாக ஐந்து வயசுப் பிள்ளைக்குப் போய்விட்டது.

“கள்ளுடா இது! சனிக்கிழமையும் அதுவுமா, பெருமாள் மலைக்கிக் கீழ குந்திக்கினு!”

கள் என்ற சொல் காதில் விழுந்ததும் இன்ஸ்பெக்டருக்குள் இருந்த ஆப்காரி இலாகா விழித்துக்கொண்டது. தரையில் இருந்தபடியே என் காலைக் கெட்டியாகப் பிடித்து, “யூ ஆர் அண்டர் அரெஸ்ட்” என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. மதுவிலக்குக் கேஸ் என்றால் ஜெயில். மண்டி வேலை போகும், ஊரில் நைனா தலைகாட்ட முடியாது. அவர் காகிதம் கேட்டார். ராஜம்மா என் பங்குப் பத்திரம் ஒன்றையே எடுத்துக் கொடுத்தார்கள். அதன் பின்பக்கம் புகார் எழுதத் தொடங்கினார். “மேற்படி ஆசாமி கொண்டுவந்த மேற்படி திரவத்தை நான் பரிசோதித்ததில்” என்பது வரை வேகமாகப் போயிற்று.

“எவ்ளோ பரிசோதிச்சீங்கன்னு எழுதணும் இல்ல?” என்றார்கள் ராஜம்மா.

இன்ஸ்பெக்டர் யோசித்தார். விரலை மடக்கி எண்ணினார். ஐந்தாவது விரலில் நிறுத்தி, பேனாவை மூடினார். காலை விட்டுவிட்டார்.

ராஜம்மா மூவரையும் கிணற்றடிக்கு அனுப்பித் தலைமுழுகச் சொன்னார்கள். கூடத்தில் நானும் அந்த அம்மாளும்தான். பங்குப் பத்திரங்களைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கேட்டார்கள்.

“உனக்குத் தெரியாதா?”

பொய் சொல்லியிருக்கலாம். சுக்கு, கேஸ் என்று இவ்வளவு சொன்னவன். ஆனால் வரவில்லை.

“வாயில வெச்சதுமே தெரிஞ்சிபோச்சிம்மா.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“அவங்க சிரிச்சிக்கினு இருந்தாங்க.”

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். “சாப்ட்டியா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் ஒரு தட்டில் தயிர்சாதம் கொண்டுவந்து வைத்தார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து, என் தட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை கழுவியதும், “இனிமே இந்த வாசப்படி ஏறாத” என்றார்கள். இரண்டையும் மனசாரத்தான் செய்தார்கள்.

சாயங்கால ரயிலில் மீதிப் பாட்டில்களோடு திரும்பினேன். வழியில் எங்கேயாவது கொட்டலாம் என்றால் வாசனை காட்டிக்கொடுக்கும். வண்டியிலேயே விட்டுவிட்டால் வெடிக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காக்கிச்சட்டை ஏறும்போது நான் கூடைமேல் காலை நீட்டிப் பல்வலிக்காரன் போல முனகினேன். பாகாலாவில் வண்டி மறுபடி வெகுநேரம் நின்றது. பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய்ப் புதர் மறைவில் ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினேன். ஒவ்வொரு கார்க்கும் குதூகலமாகக் கிளம்பிப் போயிற்று. கடைசிப் பாட்டிலில் ஒரு வாய் குடித்தேன். மத்தியானம் அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்த அதே சாறுதான். வெறும் புளிப்பு. வண்டி ஊதியது, ஓடி வந்து ஏறிக்கொண்டேன்.

ஆடிக்கு முன்னால் ஊருக்குப் போய் ஏர் பிடித்தேன். மூன்றே மாதத்தில் எனக்கு மூன்று கார்டுகள் வந்தன. ரெட்டி எழுதியது, ஏகாம்பரம் எழுதியது, இன்ஸ்பெக்டர் எழுதியது. ஒருவருக்கொருவர் தெரியாமல், மூவரும் ஒரே விஷயம்தான் எழுதியிருந்தார்கள். அந்த ரசம் இன்னும் ஒன்றிரண்டு பாட்டில் கிடைக்குமா? (இன்ஸ்பெக்டர் மட்டும், “ஆராய்ச்சிக்காக” என்று சேர்த்திருந்தார்.) ஏகாம்பரம் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். மறுநாள் காலை ஷட்டர் தூக்கும்போது தம்பியிடம் உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டாராம். தலைவலியில் யோசிக்காமல் கேட்டுவிட்டாராம். எல்லை முடிவானபோது எங்கள் கிராமம் ஆந்திராவுக்கு வந்துவிட்டது. ஆனால் அப்போது என்னிடம் கம்பெனி இல்லை.

கல்யாணமான முதல் வாரத்தில் இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்றுதான் சொன்னேன். அவள் பிறந்த வீடு பெரிய குடும்பம். மறுவிருந்துக்குப் போனபோது நடுக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் என்னை உட்கார வைத்து, ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க என்றார்கள். மச்சினன் “கோவிந்தா!” என்று கத்தினால் மாமனார், “என்னய்யா?” என்று கேட்கும் அளவுக்கு எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது.

இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நான் நாலு பேருக்கு நடுவில் அதிகம் பேசுகிறவன் கிடையாது. ஏதோ ஒரு கல்யாணத்தில், காதுகுத்தில், யாராவது ஏதாவது சொல்ல, என்னையறியாமல் கொஞ்சம் உரக்கச் சிரித்துவிட்டேன் என்றால் போதும். சமையல்கட்டில் இருந்தாலும் என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள். கூட்டத்தை விலக்கி, என் கையில் இருக்கும் டம்ளரை வாங்கி மோந்து பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “மோருதான், சிரிக்கட்டும் விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள்.